டோலக்கையும் கேட்டு எழுதுங்கள்

வடசென்னையிலிருந்து ஒரு புதுப் பாட்டு வந்தால் பத்திரிகைகளில் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் வருகிறது. எத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள் என்பது ஒன்று. பாட்டு எந்த அநீதியைப் பேசுகிறது என்பது இன்னொன்று. இரண்டும் செய்திதான், மறுக்கவில்லை. ஆனால் குரல் எங்கே ஏறியது, தாளம் எங்கே தொய்ந்தது, ஆல்பத்தில் எந்தப் பாட்டு தேவையே இல்லை என்று சொல்ல ஆளில்லை. பாடுகிறவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

தமிழுக்கு இசை விமர்சனம் புதிதல்ல. கல்கி 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் 'ஆடல் பாடல்' பகுதி எழுதினார். பின்னால் வந்த சுப்புடுவின் பேனாவுக்குப் பெரிய வித்வான்களே பயந்தார்கள். சபாவில் பாடியவருக்குக் கிடைத்த அந்தக் கவனம், சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிற கானாக்காரருக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் வள்ளூர்ப் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2017 ஜனவரியில் 'சென்னை பொறம்போக்கு பாடல்' வந்தது. கபேர் வாசுகி எழுதி, ஆர்.கே. ஸ்ரீராம்குமார் ராகமாலிகையாக மெட்டமைத்து, டி.எம். கிருஷ்ணா பாடியது. வள்ளூர் அனல்மின் நிலையம் 1,500 மெகாவாட் திறன் கொண்டது. மின்சாரம் ஊருக்கெல்லாம் போகிறது, சாம்பல் எங்கள் கழிமுகத்தில் தங்குகிறது. எண்ணூரின் இந்தக் கதையை நாட்டையே பேச வைத்த பாட்டு அது. அந்த நன்றி எனக்கு என்றும் உண்டு. அதைப் பற்றிப் பேசியவர்கள் ஆனந்தபைரவியில் தொடங்கும் ராக வரிசையையும் மறக்காமல் குறிப்பிட்டார்கள்.

அடுத்த ஆண்டே, 2018 ஜனவரியில், 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கீழ்ப்பாக்கத்தில் முதல் முறை மேடையேறியது. பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில் நின்றன. அதன் அரசியலைப் பற்றி நிறைய எழுதினார்கள், எழுத வேண்டியதுதான். ஆனால் சட்டி, கட்டமோளம் என்ற தாளக்கருவிகள் எலக்ட்ரிக் கிட்டாரோடு எங்கே சேர்ந்தன, எங்கே ஒன்றை ஒன்று அமுக்கின என்று எழுதியது என் கண்ணில் படவேயில்லை. அந்தக் குழுவில் பாடிய இசைவாணியை 2020இல் பிபிசி தன் 100 பெண்கள் பட்டியலில் சேர்த்தது. ஆண்களின் கோட்டையில் ஒரு பெண் என்று எல்லோரும் எழுதினார்கள். அந்தக் குரல்? அலங்காரம் தேடாத திறந்த தொண்டை அது. வல்லின எழுத்து வரும் இடத்தில் தாளத்தின் மேலேயே அடி வைக்கும். இதையும் சேர்த்து எழுதினால்தான் அவரைப் பாடகியாக மதித்தோம் என்று ஆகும்.

கேட்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் இல்லை. கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் ஷிஃப்ட் முடிந்து வரும் பையன்கள் பேசுவதைக் கேட்டுப் பாருங்கள். ஒருநாள் அத்திப்பட்டில் ஏறிய ஒருவன் போனைச் சிநேகிதனிடம் நீட்டிச் சொன்னான்: "வாய்ஸு நல்லாகீது மச்சி. டோலக்க மெஷின்ல போட்டுக்கீறானுங்க, அதான் ஒட்டல." முழு விமர்சனமே இந்த இரண்டு வாக்கியத்தில் இருக்கிறது. டோலக்கின் இடது பக்கத் தோலை மணிக்கட்டால் அழுத்தித் தேய்க்கும்போது ஒலி வளையும். பாடுகிறவர் ஒரு சொல்லை இழுத்தால் வாசிப்பவரும் கூடவே இழுப்பார். கணினியில் பதிந்த துண்டைத் திரும்பத் திரும்ப ஓட்டினால் அந்த இழுப்பு ஒவ்வொரு முறையும் ஒரே அளவில் வரும், பாட்டும் தாளமும் தனித்தனியாக நிற்கும். பையனின் காது அதைத்தான் பிடித்தது. அச்சில் ஏறாமல் அந்தப் பேச்சு மீஞ்சூரில் இறங்கிப் போய்விட்டது.

இப்படிக் கேட்டதை அச்சில் ஏற்றியவர்களும் உண்டு. 1994இல் அமெரிக்காவில் ராப் பாடகர் நாஸ் 'இல்மேட்டிக்' ஆல்பத்தை வெளியிட்டபோது அவருக்கு வயது 20. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த பையன். ஹிப்-ஹாப் ரசிகர்களே நடத்திய 'தி சோர்ஸ்' பத்திரிகை அந்த முதல் ஆல்பத்துக்கே முழு மதிப்பெண்ணான ஐந்து மைக் கொடுத்தது. அந்த விமர்சனத்தை எழுதியவர் மின்யா ஓ என்ற இளம்பெண். விற்பனை பெருகும்வரை அவர் காத்திருக்கவில்லை. அதே பத்திரிகையில் அதே ஆண்டு, உரிமையாளர்களில் ஒருவர் தனக்கு வேண்டிய குழுவைப் பற்றிய கட்டுரையை ஆசிரியர் குழுவுக்குத் தெரியாமல் நுழைத்தார் என்று ஆசிரியர்கள் பலர் வெளியேறினார்கள். நம்ம ஆள் என்பதற்காகப் புகழ்ந்தால் அந்தப் புகழை யாரும் நம்ப மாட்டார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ராப் பாடகர் அறிவும் இசையமைப்பாளர் ஆஃப்ரோவும் 2019இல் வெளியிட்ட 'தெருக்குரல்' ஆல்பத்தை நான் இப்படித்தான் மதிப்பிடுவேன். மூச்சு விடாமல் சொல்லை அடுக்கினாலும் ஒரு சொல்கூட நசுங்காத அறிவின் உச்சரிப்பு தமிழ் ராப்புக்குப் புது அளவுகோல். ஆனால் கோபம் தொடர்ந்து ஒரே சூட்டில் கொதிப்பதால் அடுத்தடுத்துக் கேட்கும்போது சில பாட்டுகள் தனித்து நிற்கவில்லை. இதைச் சொல்வதால் அறிவு மீதுள்ள மதிப்பு எனக்குக் குறையவில்லை. குறை சொல்லும் அளவுக்குக் கூர்ந்து கேட்பதுதான் நான் அவருக்குத் தரும் மரியாதை.

அடுத்த வாரம் இந்தப் பத்தியில் அறிவின் 2024 ஆல்பமான 'வள்ளியம்மா பேராண்டி'யை எடுத்துக்கொள்கிறேன். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர், அத்திப்பட்டுப் பிள்ளைகளே, நீங்களும் எழுதி அனுப்புங்கள். ஆல்பத்தை முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள். பிடித்தது ஏன் பிடித்தது, பிடிக்காதது ஏன் பிடிக்கவில்லை என்று காரணம் எழுதுங்கள். பாடியவர் உங்கள் சிநேகிதர் என்றால் அதையும் சொல்லிவிட்டு எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.