கட்டடம் அரசினது, காணி யாருடையது?

மலையகம் என்றதும் ஹட்டன், நுவரெலியா, பதுளை என்றே நமது பேனாக்கள் ஓடிப் பழகிவிட்டன. இரத்தினபுரி மாவட்டத்தின் றக்வானையும் அதனைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்களும் செய்தியாவது பெரும்பாலும் வெள்ளமும் மண்சரிவும் வரும்போதுதான். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் அந்த மாவட்டத்தை அவ்வாறுதான் நாம் நினைவுகூர்ந்தோம். நான் இங்கு பேச விரும்புவது அத்தகைய தோட்டங்களின் ஆரம்பப் பாடசாலைக் கட்டடங்களைப் பற்றி.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதையும் அதற்கென ஓர் அறை ஒதுக்குவதையும் தோட்டத் துரையின் கடமையாக்கியது. நடைமுறையில் அந்த அறை பிரட்டுக்களமாகவோ, பிள்ளைக் காம்பராவாகவோ, லயத்தின் ஒரு மூலையாகவோ இருந்தது. ஓர் ஆசிரியர், ஒரே மண்டபம், தடுப்புச் சுவர் கிடையாது. கொழுந்தும் பாலும் நிறுக்கும் தராசுக்கு இருந்த இடம் கரும்பலகைக்கு இருக்கவில்லை.

1947ஆம் ஆண்டின் கல்விச் சட்டத் திருத்தம் பாடசாலைக் கட்டடம், ஆசிரியர் விடுதி, விளையாட்டிடம் ஆகியவற்றைத் தோட்ட உரிமையாளர் வழங்க வேண்டும் என்றது. பெரும்பாலான தோட்டங்களில் அது ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது. 1960-61இல் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளில் தேசியமயமாகின. ஆயினும் 1977இன் பின்னரே இப்பாடசாலைகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. 1980களின் நடுப்பகுதி முதல் சுவீடன் நாட்டின் உதவியுடன் பல இடங்களில் புதிய கட்டடங்கள் எழுந்தன.

கட்டடம் மாறியது. அது நிற்கும் காணியின் கதை மாறியதா? 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. பின்னர் காணிகள் நீண்டகாலக் குத்தகைக்கு விடப்பட்டன. இன்று ஒரு வகுப்பறையையோ மலசலகூடத்தையோ கூடுதலாக அமைக்க வேண்டுமானால், பல இடங்களில் அதிபர் முதலில் தோட்ட நிர்வாகத்திடம் நிலம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. துரையின் தயவில் தொடங்கிய பாடசாலை, நூறாண்டு கடந்தும் தயவிலிருந்து முற்றாக விடுபடவில்லை.

சப்ரகமுவவில் இச்சிக்கல் இன்னும் கடுமை. இங்கு நமது மக்கள் சிதறி வாழ்கின்றனர். நுவரெலியாவைப் போல வாக்குப் பலம் இல்லை. இந்திய நன்கொடையில் மேம்படுத்தத் தெரிவான 9 தோட்டப் பாடசாலைகளில் 6 மத்திய மாகாணத்தில் உள்ளன. சப்ரகமுவவுக்குக் கிடைத்தது ஒன்று.

பிள்ளைகள் குறைந்துவரும் தோட்டங்களில் கட்டடம் எதற்கு என்று கேட்போர் உண்டு. ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும் பாடசாலையில், அதுவும் இட நெருக்கடியில், பிள்ளையை வைத்திருக்க எந்தப் பெற்றோர் விரும்புவர்? வசதியின்மையை உண்டாக்கிவிட்டு வரவின்மையைக் காரணம் காட்டுவது நியாயமன்று.

எனவே எனது கோரிக்கை ஒன்றே. அடுத்த கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுமுன், ஒவ்வொரு தோட்டப் பாடசாலையின் காணியும் அளக்கப்பட்டு, மண்சரிவு அபாயம் ஆராயப்பட்டு, பாடசாலையின் பெயரிலேயே உறுதி எழுதப்பட வேண்டும். திறப்பு விழாப் படங்களை நாம் போதியளவு அச்சிட்டுவிட்டோம். இனிக் காணி உறுதியைக் கேட்டு எழுதுவோம்.