யாருடைய சைகை, யாருடைய எண்ணெய்?

1944 மார்ச் 31. அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலான ‘சரடோகா’, மூன்று நாசகாரிக் கப்பல்கள் துணைவர, திருகோணமலைத் துறைமுகத்துக்குள் நுழைந்தது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டுபோட்ட துறைமுகம் அது. அன்றைக்கே பிரிட்டனின் விமானந்தாங்கி ‘ஹெர்ம்ஸ்’ மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. அந்த அடிக்குப் பின் கிழக்கு ஆப்பிரிக்கக் கரைவரை ஒதுங்கிப்போன பிரிட்டிஷ் கடற்படை, இலங்கைக்குத் திரும்பிவந்து, மீண்டும் தாக்குதலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. கற்றுத்தர வந்தது அமெரிக்கக் கப்பல். ஏழு கடலையும் ஆண்டதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு அது எளிதில் செரித்திருக்காது.

நேச நாட்டோடு சேர்ந்து போரிட விமானந்தாங்கிக் கப்பல்களை எப்படித் தயார்படுத்துவது என்ற கேள்விக்கு, 1943 முதல் 1945 வரையிலான பிரிட்டிஷ் அனுபவத்தைவிடத் தெளிவான பாடம் வரலாற்றில் அரிது. கூட்டுப் பயிற்சிகளின் அழகான அணிவகுப்புப் படங்கள் பத்திரிகைகளை நிறைக்கும் இந்நாளில், இந்தியா அதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

கதை திருகோணமலைக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்பே தொடங்குகிறது. 1942 அக்டோபரில் சாந்தாகுரூஸ் போரில் ‘ஹார்னெட்’ கப்பலை இழந்த அமெரிக்கா, பசிபிக்குக்கு ஒரு விமானந்தாங்கியை அனுப்பும்படி பிரிட்டனைக் கேட்டது. ‘விக்டோரியஸ்’ போனது. 1943 கோடையில் சாலமன் தீவுகளுக்கு அருகே அதுவும் சரடோகாவும் சேர்ந்து இயங்கின. இரண்டு கப்பல்களும் வேலையைப் பிரித்துக்கொண்டன: சண்டை விமானங்கள் விக்டோரியஸில், குண்டுவீசும் விமானங்கள் சரடோகாவில். ஒரு நாட்டு விமானிகள் இன்னொரு நாட்டுக் கப்பலில் இறங்கி, உண்டு, உறங்கி, அங்கிருந்தே போருக்குக் கிளம்பினார்கள்.

சொல்லும்போது எளிதாக இருக்கிறது. கப்பல் தளத்தின் ஓரத்தில் நின்று, இறங்கும் விமானிக்கு மட்டைகளால் சைகை காட்டும் அதிகாரியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் இரு கைகளையும் உயர்த்தினால் பிரிட்டிஷ் விமானிக்கு ‘மேலே ஏறு’ என்று பொருள். அமெரிக்க விமானிக்கோ ‘நீ உயரத்தில் வருகிறாய், இறங்கு’ என்று பொருள். ஒரே சைகை, நேரெதிர் கட்டளை! உச்சி மாநாடுகளில் தலைவர்கள் கைகுலுக்குவதால் இந்த முரண்பாடு தீராது. யாராவது ஒருவர் தம் பழக்கத்தை விட்டுக்கொடுத்தாக வேண்டும். விட்டுக்கொடுப்பவர் யார் என்பதைக் கப்பல்களின் எண்ணிக்கை தீர்மானிக்கும்.

திருகோணமலையிலும் அதுதான் நடந்தது. பிரிட்டிஷ் தளபதி ஜேம்ஸ் சாமர்வில் தலைமையில் 1944 ஏப்ரல் 19 அன்று சுமத்ராவின் வடமுனையிலுள்ள சபாங் தாக்கப்பட்டது. பிரிட்டனின் ‘இல்லஸ்ட்ரியஸ்’, சரடோகா, பிரெஞ்சுப் போர்க்கப்பல் ‘ரிஷலியூ’, டச்சு, நியூசிலாந்துக் கப்பல்கள் எல்லாம் ஒரே அணியில் சென்றன. சுட்டு வீழ்த்தப்பட்ட ஓர் அமெரிக்க விமானியைக் கடலிலிருந்து மீட்டது பிரிட்டிஷ் நீர்மூழ்கி. மே 17 அன்று ஜாவாவின் சுரபயா. பிரிட்டிஷ் ‘பாரகூடா’ விமானங்கள் அவ்வளவு தூரம் பறக்காது என்பதால் அவற்றை இறக்கிவிட்டு அமெரிக்க ‘அவெஞ்சர்’ விமானங்களை இல்லஸ்ட்ரியஸ் ஏற்றிக்கொண்டது. அமெரிக்க ‘கோர்சேர்’ விமானங்களின் இறக்கை நுனிகளோ, பிரிட்டிஷ் கப்பலின் தாழ்ந்த கொட்டகைக்குள் அடங்குவதற்காக ஏற்கெனவே வெட்டப்பட்டிருந்தன. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவிலிருந்த சிவப்புப் பொட்டும் கீழைக் கடல்களில் அழிக்கப்பட்டது. ஜப்பானியச் சூரியன் என்று நினைத்து நண்பனே சுட்டுவிடக் கூடாது அல்லவா?

இந்த ஏற்பாட்டில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பிரிட்டிஷ் கடற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் தளம் அப்போது கோயம்புத்தூரில் இருந்தது; சூலூரில் கடற்படை விமானத்தளம். கடலே இல்லாத கொங்கு நாடு விமானந்தாங்கிகளுக்கு வேலை செய்ததை நம் ஊர்க்காரர்களே பலர் மறந்துவிட்டார்கள்.

1944 செப்டம்பரில் கியூபெக் மாநாட்டில் பசிபிக் போருக்குத் தன் கடற்படையைத் தருவதாக சர்ச்சில் சொன்னார். ரூஸ்வெல்ட் உடனே ஏற்றார். அமெரிக்கக் கடற்படைத் தலைவர் எர்னஸ்ட் கிங்குக்கு அது பிடிக்கவில்லை. ஜெயிக்கப்போகும் போரில் கடைசி நேரத்தில் பங்கு கேட்டு வருகிறார்கள் என்ற எரிச்சல் அவருக்கு. அவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வருகிறவர்கள் தங்கள் எண்ணெய், குண்டு, உணவு, உதிரிபாகம் எல்லாவற்றையும் தாங்களே கொண்டுவர வேண்டும்.

கிங்கைக் குறுகிய மனம் கொண்டவர் என்று எழுதிய பிரிட்டிஷ் ஆசிரியர்கள் உண்டு. எனக்கு அவர் கேட்டது நியாயமாகவே படுகிறது. பிரிட்டிஷ் கப்பல்கள் வட கடலுக்கும் மத்தியதரைக் கடலுக்கும் கட்டப்பட்டவை. நாலைந்து நாளில் துறைமுகம் திரும்பிவிடலாம். சிட்னியிலிருந்து ஒகினாவா போர்க்களமோ ஏறத்தாழ 4,000 மைல். அமெரிக்கர்கள் எண்ணெய்க் கப்பலைப் பக்கவாட்டில் நிறுத்தி, இரண்டு மூன்று குழாய்களில் ஒரே நேரத்தில் நிரப்பிக்கொள்வார்கள். பிரிட்டிஷார் பெரும்பாலும் எண்ணெய்க் கப்பலின் பின்னால் மிதக்கும் குழாயைப் பிடித்து நிரப்பினார்கள். நேரமும் கூடுதல், குழாய் அறுந்துபோகும் தொல்லையும் கூடுதல். 1945 ஜனவரியில் திருகோணமலையிலிருந்து புறப்பட்ட நான்கு விமானந்தாங்கிகள், சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளை 24, 29 தேதிகளில் தாக்கின. மூன்றாவது முறை தாக்கக் கப்பலில் எண்ணெய் இல்லை. எதிரியின் எண்ணெயை எரிக்கப் போனவர்களுக்கே எண்ணெய்த் தட்டுப்பாடு!

ஆகவே பிரிட்டனின் பசிபிக் கடற்படைக்கு உண்மையான பரீட்சை வைத்தது அதன் பின்னால் வந்த சரக்குக் கப்பல் அணிதான். பல நாட்டு வணிகக் கப்பல்களை வாரிச் சேர்த்த அந்த அணி, மானுஸ் தீவுத் துறைமுகத்தையும் நடுக்கடலையும் கிடங்காக்கிக்கொண்டு ஓடியது. பிரிட்டனின் பசிபிக் கடற்படைத் தளபதி புரூஸ் ஃப்ரேசர் பெர்ல் துறைமுகம் சென்று, அமெரிக்கப் பசிபிக் கடற்படைத் தளபதி நிமிட்ஸோடு பேசி, அமெரிக்கச் சைகை நூல்களையே தன் கடற்படை பின்பற்றும் என்று ஒப்புக்கொண்டார். பிரிட்டிஷ் கப்பல்களில் அமெரிக்கத் தகவல்தொடர்புக் குழுக்கள் ஏறின. 1945 மார்ச் 26 முதல் பிரிட்டிஷ் விமானந்தாங்கி அணி ஒகினாவாவுக்குத் தென்மேற்கிலுள்ள சகிஷிமா தீவுகளின் விமானத்தளங்களைத் தாக்கியது. இரண்டு நாள் தாக்குதல், பிறகு எண்ணெய் நிரப்ப விலகல். அந்த இடைவெளியில் அமெரிக்கச் சிறு விமானந்தாங்கிகள் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டன. தற்கொலை விமானங்கள் மோதியபோது பிரிட்டிஷ் கப்பல்களின் இரும்புக் கவசத் தளம் நன்றாகவே தாங்கியது. அதே கவசத்தின் எடையால் அவற்றால் அமெரிக்கக் கப்பல்களைவிடக் குறைவான விமானங்களையே சுமக்க முடிந்தது என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டியது.

இவ்வளவையும் விட்டுக்கொடுத்த பிறகு கிடைத்தது என்ன? 1945 ஜூலைக் கடைசியில் ஜப்பானின் கூரே துறைமுகத்தில் ஒதுங்கிக் கிடந்த ஜப்பானியக் கடற்படையின் மிச்சத்தை அழிக்கப் போனபோது, அமெரிக்கத் தளபதி ஹால்சி பிரிட்டிஷாரைச் சேர்க்கவில்லை. ஒசாகா பக்கம் திருப்பிவிட்டார். ஜப்பானியக் கடற்படையைத் தாங்களும் சேர்ந்து ஒழித்ததாக நாளை பிரிட்டன் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பதே காரணம். பின்னர் எழுதிய தன்வரலாற்றில் அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆகஸ்ட் 12 வாக்கில் எண்ணெய் தீர்ந்து பிரிட்டிஷ் அணியில் பெரும்பகுதி மானுஸ் திரும்பியது. அடையாளத்துக்கு நின்ற ‘இன்டிஃபாடிகபிள்’ உள்ளிட்ட சில கப்பல்கள் அமெரிக்க எண்ணெயில் ஓடின. கிங் விதித்த நிபந்தனை கடைசியில் காற்றில் போயிற்று என்று மகிழலாம். ஆனால், எண்ணெய் கொடுப்பவர் கையில்தான் இலக்கைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இருந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்தியா யாருடைய ராணுவக் கூட்டணியிலும் இல்லை. ஆனால் 1992இல் தொடங்கிய மலபார் கூட்டுக் கடற்பயிற்சியில் 2020இல் நம் விமானந்தாங்கி ‘விக்ரமாதித்யா’வும் அமெரிக்காவின் ‘நிமிட்ஸ்’ஸும் அரபிக் கடலில் சேர்ந்து இயங்கின. 2025 அக்டோபரில் நம் இன்னொரு விமானந்தாங்கியான ‘விக்ராந்த்’, பிரிட்டனின் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ஸோடு பயிற்சி செய்தது. 2016இல் அமெரிக்காவோடு செய்துகொண்ட தளவாட ஒப்பந்தம் எண்ணெய் பற்றியது. 2018இல் செய்துகொண்ட தகவல்தொடர்பு ஒப்பந்தம் சைகை பற்றியது. ஃப்ரேசர் ஓரிரு மாதங்களில் முடிவுசெய்த அதே இரண்டு விஷயங்களை நாம் தவணை முறையில் முடிவுசெய்துகொண்டிருக்கிறோம். நாடாளுமன்றத்தில் இவை பற்றி ஆழமாக விவாதிக்கப்பட்டதாகச் சொல்ல முடியாது.

விக்ராந்தில் இன்று பறப்பவை ரஷ்ய மிக்-29கே. 2025 ஏப்ரலில் ஒப்பந்தமான 26 ரஃபேல் கடற்படை விமானங்கள் பிரான்ஸிலிருந்து வரவிருக்கின்றன. கடலைக் கண்காணிக்கும் பி-8ஐ அமெரிக்காவுடையது. மூன்று நாட்டுக் கருவிகளை வைத்திருப்பதை மூலோபாயத் தன்னாட்சி என்று பெருமையாகச் சொல்கிறோம். அமைதிக் காலத்தில் அது சரி. போர்க்காலத்தில் ஒன்றின் தகவல் இன்னொன்றின் திரையில் தெரியாவிட்டால் அந்தப் பெருமை எதற்கு? பிரெஞ்சு ரஃபேல்கள் 2018இல் அமெரிக்க ‘ஜார்ஜ் எச்.டபிள்யூ. புஷ்’ கப்பலிலிருந்து பறந்தன. பிரெஞ்சுக் கடற்படை விமானிகள் அமெரிக்காவிலேயே பயிற்சி பெறுபவர்கள். அதற்கான அடித்தளம் நெடுங்காலமாகப் போடப்பட்டது. நம் விமானந்தாங்கிகளில் விமானத்தை உந்தி எறியும் கவண்பொறி கிடையாது. வளைந்து உயர்ந்த முகப்பிலிருந்து விமானம் எழும்புகிறது. நம் தளத்தை நண்பர்களின் விமானங்களுக்கு எந்த அளவுக்குத் திறந்துவிடுவது என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்துக்கொள்வது நல்லது.

அதனால்தான் அணிவகுப்புப் படங்களைவிட, 2022 ஆகஸ்டில் சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் நடந்தது எனக்கு முக்கியமாகத் தெரிகிறது. ‘சார்லஸ் ட்ரூ’ என்ற அமெரிக்கக் கடற்படையின் சரக்குக் கப்பல் அங்கே பழுதுபார்க்க வந்தது. அடுத்த ஆண்டே அதற்கு நிலையான ஒப்பந்தமும் வந்துவிட்டது. நண்பருக்குத் தேவையான ஒரு வசதி நம் கரையில் இருப்பது பேரம் பேச உதவும்.

ஆனால் நம் சொந்த எண்ணெய்? இந்தியக் கடற்படையிடம் பெரிய எண்ணெய்க் கப்பல்கள் நான்குதான்: ஜோதி, ஆதித்யா, தீபக், சக்தி. இவற்றில் மூன்று வெளிநாட்டில் கட்டப்பட்டவை. தலா 44,000 டன் கொண்ட ஐந்து ஆதரவுக் கப்பல்களுக்கு 2023 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்து இந்துஸ்தான் கப்பல்கட்டும் தளத்தோடு ஒப்பந்தம் போடப்பட்டது. அந்த வேலையின் ஒரு பகுதி காட்டுப்பள்ளியில் நடக்கிறது. மூன்றாவது விமானந்தாங்கி வேண்டுமா என்று தொலைக்காட்சிகளில் காரசாரமாக விவாதிக்கிறோம். இந்த ஐந்து கப்பல்கள் குறித்த காலத்தில் வருமா என்று கேட்க ஆளில்லை. அவை தாமதமானால், நெருக்கடிக் காலத்தில் விக்ராந்த் எத்தனை நாள் கடலில் நிற்கும், எங்கே போகும் என்ற முடிவில் எண்ணெய் ஊற்றுகிறவருக்கும் ஒரு வாக்கு இருக்கும்.