ரப்பர் விலை: ஏற்றுவது சீனா, இறக்குவது யார்?

குலசேகரத்திலும் மார்த்தாண்டத்திலும் ஷீட் எடுக்கும் வியாபாரி, கோட்டயம் விலையைப் பார்த்துத்தான் நமக்கு விலை சொல்கிறார். அந்தக் கோட்டயம் விலைக்கே மூக்கணாங்கயிறு வெளிநாட்டில் இருக்கிறது. உலகில் விளையும் இயற்கை ரப்பரில் ஏறத்தாழ 40 சதவீதத்தைச் சீனா ஒன்றே வாங்குகிறது. அடுத்த இடம் இந்தியாவுக்கு. ஆகவே "உலகப் பொருளாதாரம் மீள்கிறது" என்று செய்தி வந்தால், குமரி மாவட்ட ரப்பர் விவசாயி அமெரிக்காவை விடச் சீனாவைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அதோடு, எந்த நாட்டில் எவ்வளவு கன்று நடுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம்.

2008 கடைசியில் அமெரிக்க வங்கிகள் சரிந்தபோது ஷீட் விலையும் சில மாதங்களில் பாதியாகச் சரிந்தது. அந்த நவம்பரில் சீன அரசு 4 லட்சம் கோடி யுவான் செலவில் சாலை, ரயில், கட்டடப் பணிகளை அறிவித்தது. அடுத்த ஆண்டே கார் விற்பனையில் அமெரிக்காவை முந்தியது. லாரி, கார் என்றால் டயர். டயர் என்றால் ரப்பர். 2011 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஸ். 4 ஷீட் கிலோ 240 ரூபாயைத் தாண்டியது. மேலை நாடுகள் அப்போதும் முழுதாக எழுந்து நிற்கவில்லை. நம் விளைகளுக்குப் பணம் கொண்டுவந்தது வளரும் நாடுகளின் தேவைதான்.

ஆனால் அந்த விலையை நாம் மட்டுமா பார்த்தோம்? தாய்லாந்து, வியட்நாம், லாவோஸ், கம்போடியா, ஐவரி கோஸ்ட் என்று எல்லா இடத்திலும் அந்த ஆண்டுகளில் நட்டுத் தள்ளினார்கள். இங்கேயும் மரச்சீனி நின்ற விளைகளில் ரப்பர் ஏறியது. ரப்பர் மரம் பால்வெட்டுக்கு வர 7 வருடம் ஆகும். அந்த மரங்களெல்லாம் வெட்டுக்கு வரத் தொடங்கிய நேரத்தில் சீனாவின் வளர்ச்சி வேகம் குறைந்தது. கச்சா எண்ணெய் விலை விழுந்ததால் செயற்கை ரப்பரும் மலிந்தது. 2016 தொடக்கத்தில் ஷீட் 100 ரூபாய்க்கும் கீழே போனது. பால்வெட்டுக் கூலி கொடுத்தால் மிச்சமில்லை என்று பலர் மரத்தை வெட்டாமலே விட்டார்கள். 2011 விலையை நம்பி நட்டவருக்கு முதல் பால் கிடைத்தது 2018 விலையில்.

அடுத்த உச்சம் 2024 ஆகஸ்டில் வந்தது. விலை மறுபடி 240 ரூபாயைத் தாண்டியது. தாய்லாந்தில் விளைச்சல் குறைவு, கப்பலுக்குக் கன்டெய்னர் தட்டுப்பாடு, இறக்குமதித் தாமதம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தன. ஆனால் நமக்கு அது மழைக்காலம். மழைக்கவசம் போடாத தோட்டங்களில் பல நாள் வெட்டே நடக்கவில்லை. விலை இருந்தது, விற்க ஷீட் இல்லை.

இனி என்ன ஆகும்? இந்தியாவின் சொந்தத் தேவை நமக்குப் பலம்தான். 2023-24இல் நாட்டின் உற்பத்தி சுமார் 8.5 லட்சம் டன், தேவையோ 14 லட்சம் டன்னுக்கு மேல். 2025 செப்டம்பரில் டயருக்கான ஜி.எஸ்.டி. 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததும் விற்பனைக்கு நல்லது. ஆனால் பற்றாக்குறையை நிரப்புவது இறக்குமதி. அதற்கான வரி 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இதில் எது குறைவோ அது. அதாவது வெளிநாட்டு விலைக்கு மேல் நமக்குக் கிடைக்கும் வரித் தடுப்பு அதிகபட்சம் 30 ரூபாய்தான். உலக விலை விழுந்தால் அது நம்மைத் தாங்காது.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். அசாம், திரிபுரா உள்ளிட்ட வடகிழக்கு மாநிலங்களிலும் மேற்கு வங்கத்திலும் 2 லட்சம் ஹெக்டேரில் ரப்பர் நடும் திட்டம் 2021இல் தொடங்கியது. பெரிய டயர் கம்பெனிகளே அதற்குப் பணம் போடுகின்றன. முதலில் நட்ட மரங்கள் 2028 வாக்கில் வெட்டுக்கு வரும். டயர் கம்பெனி தன் பணத்தில் ரப்பர் நட வைப்பது எதற்கு என்று விவசாயிக்கு விளக்கத் தேவையில்லை.

அதனால், இன்றைய விலையைப் பார்த்துத் தென்னையையோ வயலையோ மாற்றி ரப்பர் நடுவது சரியல்ல என்பது என் கருத்து. ஏற்கெனவே மரம் உள்ளவர்கள் அதிலிருந்து கிடைக்கும் வெட்டு நாட்களைக் கூட்டப் பாருங்கள். தென்மேற்குப் பருவமழை தொடங்கும் முன், மே மாதத்திலேயே மழைக்கவசம் போட்டுவிட வேண்டும். நமக்கு ஐப்பசி மழையும் உண்டு என்பதால், செப்டம்பரில் ஒருமுறை ஒட்டு விட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆள் கிடைக்காத இடங்களில், பட்டையில் எத்திபான் தடவி வாரம் ஒருமுறை வெட்டும் முறையை ரப்பர் வாரியம் பரிந்துரைக்கிறது. அளவும் தடவும் முறையும் வாரிய அலுவலரிடம் கேட்டே செய்யுங்கள். அதிகம் தடவினால் மரம் கெடும்.

வயதான மரங்களை மாற்றுவதானால் மொத்த விளையையும் ஒரே வருடத்தில் வெட்ட வேண்டாம். மூன்றில் ஒரு பங்காக, இரண்டு மூன்று வருட இடைவெளியில் மாற்றுங்கள். நட்ட பகுதியில் முதல் 3 வருடம் வாழையோ அன்னாசியோ ஊடுபயிராக வரும். பழைய மரங்களின் பாலும் கைச்செலவுக்கு உதவும்.