வெறும் வெண்கலமா?

ஹாங்சோ ஆசிய விளையாட்டில் சீமா புனியா வட்டெறிதலில் வென்ற வெண்கலம் பற்றி நேற்று விடுதி உணவுக்கூடத்தில் பேச்சு வந்தது. 'சீனப் பெண் 67.93 மீட்டர், நம்மவர் 58.62. வெறும் வெண்கலம்தானே! நம் பெண்களுக்கு அந்த உடற்கட்டு வராது' என்றார் உடன் ஆய்வு செய்யும் நண்பர். செய்தித்தளங்கள் சிலவோ 'நாற்பது வயதிலும் பதக்கம்' என்று உருகுகின்றன. இரண்டையும் மறுக்கவே இந்தப் பதிவு. முதற்கூற்றின் 'வெறும்' அறியாமை. இரண்டாம் கூற்றின் சிறப்பும்மை, பாராட்டுவது போலத் தோன்றி ஒரு பெருங்குற்றத்தை மறைக்கிறது.

உடற்கட்டு வாதத்தை முதலில் முடித்துவிடுவோம். 2002 பூசான் ஆசிய விளையாட்டில் நீலம் ஜஸ்வந்த் சிங் 64.55 மீட்டர் எறிந்து தங்கம் வென்றார். 2014 இஞ்சியோனில் இதே சீமா 61.03 மீட்டரில் சீன வீராங்கனைகளைப் பின்னுக்குத் தள்ளித் தங்கம் வென்றார். 2010 தில்லி காமன்வெல்த் போட்டியில் கிருஷ்ணா பூனியா, ஹர்வந்த் கவுர், சீமா என மூன்று பதக்கங்களும் நமக்கே வந்தன. 2021இல் கமல்பிரீத் கவுர் 66.59 மீட்டர் எறிந்தார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆறாம் இடம் பெற்றார். உடல் குறையாயிருந்தால் இவை எப்படி நிகழ்ந்தன?

குறை வேறிடத்தில் இருக்கிறது. 2011இல் உலகச் சாம்பியன் லீ யான்ஃபெங். 2018 ஜகார்த்தாவில் தங்கம் சென் யாங், வெள்ளி ஃபெங் பின். 2022இல் அந்த ஃபெங் பின் 69.12 மீட்டருடன் உலகச் சாம்பியன். இப்போது ஹாங்சோவிலும் தங்கம். சீனாவில் பெயர்கள் மாறுகின்றன, பதக்கம் தொடர்கிறது. நம் பக்கம் 2014, 2018, 2023 என மூன்று ஆசிய விளையாட்டுகளிலும் மேடை ஏறியவர் ஒருவரே. கமல்பிரீத் 2022இல் ஊக்கமருந்துத் தடையில் விலகினார். விதிப்படி தண்டனை சரியே. ஆனால் ஒருவர் விலகியதும் வரிசையே காலியாகிறது என்றால் அங்கு வரிசை என்று ஒன்று இருந்ததா?

சீமாவுக்கும் அந்த விதி பரிவு காட்டியதில்லை. 2000ஆம் ஆண்டு சாந்தியாகோவில், 17 வயதில், உலக இளையோர் தங்கம் வென்றார். சளி மருந்துகளில் இருக்கும் சூடோஎஃபெட்ரின் சோதனையில் தென்பட்டதால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் கிங்ஸ்டனுக்குச் சென்று அதே போட்டியில் வெண்கலம் வென்றார். சோனிபட் மாவட்டத்தின் கேவ்டா சிற்றூரில் பிறந்தவர், அதன்பின் நான்கு காமன்வெல்த் பதக்கங்களும் மூன்று ஆசியப் பதக்கங்களும் சேர்த்திருக்கிறார். இதற்கா 'வெறும்'?

நானும் பள்ளியில் வட்டு எறிந்தவள்தான். பெண்களுக்கான வட்டின் எடை ஒரு கிலோ; எறியும் வட்டத்தின் விட்டம் இரண்டரை மீட்டர். அந்த வட்டம் சிமெண்டுத் தளமாக இருந்தால்தான் ஒன்றரைச் சுற்றுச் சுழன்று வேகம் திரட்ட முடியும். எங்களுக்கு இருந்தது மண்தரையில் சுண்ணாம்புக் கோடு. சுழன்றால் கால் புதையும். ஆகவே நின்ற நிலையில் மட்டுமே எறியக் கற்றோம். பாதுகாப்பு வலை இல்லாததால் மற்றவர்கள் வீட்டுக்குப் போன பிறகே வட்டு எங்கள் கைக்கு வரும். மாவட்டப் போட்டியில் முதன்முறையாகச் சிமெண்டு வட்டத்தைக் கண்டபோது அதில் எப்படி நிற்பதென்றே எனக்குத் தெரியவில்லை.

எங்கள் வளாகத்துக்கு அருகே கச்சிபௌலி விளையாட்டரங்கம் இருக்கிறது. 2002 தேசிய விளையாட்டுக்காகக் கட்டப்பட்டது. 2003 ஆப்பிரிக்க-ஆசிய விளையாட்டையும் கண்டது. விழாவுக்காக அரங்கம் எழுப்ப நமக்குத் தெரியும். ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு அவள் ஊரிலேயே ஒரு சிமெண்டு வட்டமும் ஒரு வலையும் ஒரு பயிற்சியாளரும் தர மட்டும் ஏனோ தெரிவதில்லை.

ஆகவே 'நாற்பது வயதிலும்' என்று எழுதுபவர்களே, அந்த உம்மையை நீக்கிவிட்டு 'நாற்பது வயதுவரை அவர் ஒருவரே' என்று எழுதுங்கள். பெருமை அவருக்கு, வெட்கம் நமக்கு.

நூலறிவு நிரம்பாமல் அவையில் பேசுவதை, கட்டம் வரையாமல் வட்டு ஆடுவதற்கு ஒப்பிட்டார் வள்ளுவர். நாமோ வட்டமே அமைத்துத் தராமல் வட்டெறியச் சொல்கிறோம். எறிந்து வென்றவரை அறியாமலே அவையில் பேசவும் செய்கிறோம்.