எலிக்குட்டியின் வாயில் பாட்டன் பல்!

செஞ்சிக் கோட்டைக்குப் போனவர்கள், ராஜகிரி மலை அடிவாரத்தில் உள்ள பெரிய நெற்களஞ்சியத்தைப் பார்த்திருப்பார்கள். நெல் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். எலியின் பலமே அதன் பல்தான்!

சுண்டெலிக்கு மொத்தம் 16 பற்கள். முன்னால் மேலே இரண்டு, கீழே இரண்டு. இவை வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். உள்ளே 12 கடைவாய்ப் பற்கள். நடுவில் வெறும் ஈறு!

ஏன் இந்த இடைவெளி?

தாயின் வயிற்றில் சுண்டெலிக்குட்டி சுமார் 20 நாள் இருக்கும். ஏறக்குறைய 13-வது நாளில் அந்த வெற்று இடத்திலும் பல் முளைக்கத் தொடங்குகிறது! ஆனால் மொட்டாக இருக்கும்போதே அதன் வளர்ச்சி நின்றுவிடுகிறது.

பல் வளராமல் தடுக்கும் ஜீன்கள் உண்டு. அப்படிப்பட்ட ஒரு ஜீன் இல்லாத எலிகளை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். 2006-ல் முடிவு வெளிவந்தது. வெற்று இடத்தில் பல் முளைத்திருந்தது!

அது புதிய பல் அல்ல, பாட்டன் பல். எலியின் ஆதி முன்னோர்களுக்கு அந்த இடத்தில் பல் இருந்தது. எலிக்கு உறவான அணிலுக்கு அது இன்றும் உண்டு. எலி பல்லை இழந்தது. பல்லின் விதையை இழக்கவில்லை. உயிர்கள் மெல்ல மெல்ல மாறி வந்தன என்பதற்கு இதைவிட எளிய சாட்சி வேண்டுமா?

இதனால் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். பிறவியிலேயே சில பற்கள் முளைக்காத பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலருக்குப் பழுதாகியிருப்பவை, எலிக்குப் பல் முளைக்கச் செய்யும் அதே ஜீன்கள்தான். எலியும் மனிதனும் தூரத்து உறவு என்பதால்தான், எலியை ஆராய்ந்து பிள்ளையின் குறையை அறிய முடிகிறது.

இந்த உண்மையைப் பிள்ளைகள் படிக்க வேண்டாமா? 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. தனது 10-ம் வகுப்பு அறிவியல் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை நீக்கியது. 12-ம் வகுப்பில் இருக்கிறதே என்று சமாதானம் சொன்னார்கள். உயிரியலை எடுத்தவர்கள்தானே அதைப் படிப்பார்கள்? மற்றப் பிள்ளைகள் என்ன பாவம் செய்தார்கள்? 2019-ல் வந்த தமிழ்நாட்டு அரசின் 10-ம் வகுப்புப் புத்தகத்தில் இதற்குத் தனிப் பாடமே உண்டு. அதுதான் சரி.

செஞ்சிக் கோட்டையை 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மகிழ்ந்தோம். சில நூறு ஆண்டு வரலாற்றைக் கோட்டை சொல்கிறது. கோடிக்கணக்கான ஆண்டு வரலாற்றை எலிக்குட்டியின் வாய் சொல்கிறது. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்!