காஸ்தாவும் பரியாவும்

‘வெளிநாடு போயிட்டா சாதியாவது ஒண்ணாவது, அங்க யாரு கேக்குறா?’ என்று நம்மிடம் சொல்கிறவர்கள் இரண்டு வகை. ஒரு வகை, மேல்படியில் நின்றுகொண்டு சொல்கிறவர்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை, கேட்பதே அவர்கள்தான். இன்னொரு வகை நம்ம ஆளுங்க. பெத்த பிள்ளை எங்கேயாவது போய் நிம்மதியா மூச்சு விடட்டும் என்கிற ஆசையில் சொல்கிறவர்கள். முதல் வகைக்குப் பதில் கொடுக்கவும் இரண்டாம் வகையோடு உட்கார்ந்து பேசவும் இதை எழுதுகிறேன்.

நான் படிக்க வந்திருப்பது ஸ்பெயின் நாட்டின் சலமான்கா நகரம். 1218இல் தொடங்கிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். படிப்பு, மொழிபெயர்ப்பு. கடலூர் மாவட்டத்துச் சேரி ஒன்றிலிருந்து அம்மா கரும்பு வெட்டிய கூலியும் வங்கிக் கடனும் சேர்ந்து அனுப்பி வைத்த பயணம். வந்து மூன்று வாரம் ஆகிறது. மூன்று வாரத்தில் ஒரு நாட்டைப் படித்து முடித்துவிட்டேன் என்று பீற்றிக்கொள்ள வரவில்லை. ஆனால் சாதி எத்தனை நாளில் வந்து சேரும் என்பதை மட்டும் கணக்காகச் சொல்ல முடியும். நான்காம் நாள்.

1. பேர்

மாணவர் விசாவில் வருகிறவர்கள் இங்கே முதலில் நகராட்சியில் போய் இன்ன வீட்டில் குடியிருக்கிறேன் என்று பதிய வேண்டும். பிறகு போலீஸ் அலுவலகத்தில் நேரம் வாங்கி, விரல்ரேகை கொடுத்து, வெளிநாட்டார் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இத்தனைக்கும் அடிப்படை ஒரு முகவரி. முகவரிக்கு ஓர் அறை வேண்டும். இந்திய மாணவர்கள் சேர்ந்து எடுத்திருக்கும் ஒரு வீட்டில் இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு நான்காம் நாள் போனேன்.

அறையைக் காட்டினார்கள். நல்ல அறை. பிறகு விசாரணை.

‘முழுப் பேர் என்ன?’

‘இதுதான்.’

‘சர்நேம்?’

‘அப்பா பேர்.’

‘அப்பாவுக்கு சர்நேம் இருக்குமே?’

‘தாத்தா பேர்.’

வடக்கத்திப் பிள்ளைகளுக்கு அதோடு நூல் அறுந்துபோனது. அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட்டது ஒரு தமிழ்த் தம்பி. ‘அக்கா, நீங்க எந்த ஊரு?’ சொன்னேன். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு எந்த மொழியிலும் மொழிபெயர்க்க முடியாது. மொழிபெயர்ப்புப் படிக்க வந்தவள் சொல்கிறேன். ‘ரோட்டுக்குக் கீழண்ட’ என்றேன். தம்பிக்குப் புரிந்துவிட்டது. அடுத்த கேள்வி சமையலறை பற்றி. ‘நாங்க எல்லாம் வெஜ்க்கா. நீங்க மாட்டுக்கறியெல்லாம் செய்வீங்களா?’ மறுநாள் காலையில் செய்தி வந்தது: அறை வேறொருவருக்குப் போய்விட்டது. அதே அறைக்கு ஆள் தேவை என்று அடுத்த வாரமும் விளம்பரம் இருந்தது.

பிறகு ஒரு ஸ்பானியக் கிழவி வீட்டில் அறை கிடைத்தது. அவள் கேட்டது மூன்றே கேள்வி. வாடகை எந்தத் தேதியில் தருவாய், சிகரெட் பிடிப்பாயா, ராத்திரி எத்தனை மணிக்கு வருவாய். போலீஸ் அலுவலகத்திலும் அப்படித்தான். இங்கே எல்லாருக்கும் இரண்டு குடும்பப் பேர் உண்டு, அப்பா வழியில் ஒன்று, அம்மா வழியில் ஒன்று. எனக்கு இருப்பது ஒன்று. கவுண்டரில் இருந்த அம்மா இரண்டாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சாதிப் பட்டத்தை விடுங்கள் என்று 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. நமக்கு விடுவதற்குப் பட்டமே கிடையாது என்பது வேறு கதை. அந்தக் காலிக் கட்டத்தை அரசாங்கத்துக்காரி காலியாகவே விட்டாள். நம்ம நாட்டுப் படிச்ச பிள்ளைகளுக்குத்தான் அதை நிரப்பாமல் தூக்கம் வரவில்லை.

உடனே ‘பாத்தீங்களா, வெள்ளைக்காரன் நல்லவன்’ என்று முடித்துவிடாதீர்கள். அதே கிழவி, மாடியில் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு ஹித்தானோக்கள் யாரும் வந்துவிடக் கூடாது என்று அக்கம்பக்கத்தில் புலம்புகிறாள். நாம் பள்ளிப் புத்தகத்தில் ஜிப்ஸி என்று படித்த மக்கள்தான் ஹித்தானோக்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

2. காஸ்தா

சலமான்காவின் பழைய சுவர்களெல்லாம் சிவப்பு எழுத்து. டாக்டர் பட்டம் வாங்கியவர்கள் வெற்றி என்று எழுதி வைத்த அடையாளம். அந்தக் காலத்தில் காளை இரத்தம் கலந்து எழுதினார்களாம். சுற்றுலாக்காரர்கள் படம் எடுக்கிறார்கள். இந்த ஊரில் இரத்தத்துக்கு இன்னொரு வேலையும் இருந்தது என்பதைச் சுவர் சொல்லாது.

1449இல் தொலேதோ நகரில் ஒரு சட்டம் போட்டார்கள். யூத மதத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களும் அவர்கள் சந்ததியும் நகரப் பதவிக்கு வரக் கூடாது. இதுதான் ‘இரத்தத் தூய்மை’ச் சட்டங்களின் தொடக்கம். ஞானஸ்நானம் வாங்கினாலும் இரத்தம் மாறாதாம். அப்புறம் பேராலயங்கள், துறவு மடங்கள், இராணுவ அமைப்புகள், கல்லூரிகள் என்று ஒவ்வொன்றாக இதைப் பிடித்துக்கொண்டன. சலமான்காவின் பெரிய கல்லூரியான சான் பர்தலோமேயில் சேரப் போகிறவனுடைய அப்பா யார், பாட்டி யார், பாட்டியின் ஊர் எது என்று விசாரிக்க ஆள் போகும். ஊர்க் கிழவர்கள் சாட்சி சொல்வார்கள். ஊர்ல எந்தப் பக்கம் என்ற கேள்விதான், லத்தீன் படித்த வாயில். அந்தக் கல்லூரிக்காகக் கட்டிய மாளிகையில் இன்று மொழித்துறை வகுப்புகள் நடக்கின்றன.

பல்கலைக்கழகத்துக்கு எதிரே சிலையாக நிற்கிற ஃப்ராய் லூயிஸ் தெ லெயோன் என்ற பேராசிரியர் 1572 முதல் 1576 வரை மதவிசாரணை மன்றத்தின் சிறையில் கிடந்தார். பைபிளின் உன்னதப்பாட்டை மக்கள் மொழியில் பெயர்த்ததும் குற்றச்சாட்டில் ஒன்று. அவருடைய முன்னோரில் யூதர்கள் இருந்ததை யாரும் மறக்கவில்லை. மொழிபெயர்த்தவன் சிறையில் கிடந்தான், படித்தவனுக்கும் பாட்டி இரத்தம் குறுக்கே வந்தது. வகுப்புக்குப் போகும்போதெல்லாம் அந்தச் சிலையைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன்.

விசாரணை மன்றத்தின் மூக்கு எங்கே நீண்டது தெரியுமா? சமையலறைக்கு. பன்றிக்கறி தின்கிறானா, பன்றிக் கொழுப்பில் தாளிக்கிறானா, எண்ணெயிலா, சனிக்கிழமை துணி மாற்றுகிறானா. அண்டை வீட்டுக்காரனும் வேலைக்காரியும் மோந்து பார்த்து வந்து சாட்சி சொன்னார்கள். அவர்களுக்குப் பன்றிக்கறி தின்றால் சுத்தம். நம்ம ஆதிக்க சாதிக்கு மாட்டுக்கறி தின்னாவிட்டால் சுத்தம். சட்டியை மோந்து பார்த்து ஆளை எடைபோடுகிற புத்தி ஒன்றேதான். இங்கே அந்த மன்றத்தை 1834இல் மூடிவிட்டார்கள். நான்காம் நாள் நான் போன வீட்டில் இன்னும் மூடவில்லை.

இதோடு கதை முடியவில்லை. வடக்கே நவாரா பகுதியில், பஸ்தான் பள்ளத்தாக்கில் பொசாதே என்று ஒரு குடியிருப்பு. அங்கே அகோத்தே என்று ஒதுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். அதே மொழி, அதே மதம், அதே தோல். ஆனாலும் கோயிலில் தனி வாசல், தனித் தீர்த்தத் தொட்டி, கல்யாணம் அவர்களுக்குள் மட்டும். 1515இல் போப் பத்தாம் லியோ இவர்களையும் மற்றவர்களைப் போலவே நடத்துங்கள் என்று ஆணை போட்டார். நவாராவில் சட்டம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். மனுக் கொடுத்து, ஆணை வாங்கி, ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு முந்நூறு வருஷம் தனி வாசலில் நின்றார்கள். மனுக் கொடுத்தே காலம் போக்குகிற நம்ம தலைவர்கள் கவனிக்க வேண்டிய கணக்கு இது.

வித்தியாசமே இல்லாத இடத்தில் தீண்டாமை நின்றிருக்கிறது. ஒதுக்க வேண்டும் என்று முடிவு செய்த பிறகுதான் காரணம் தேடுகிறார்கள்.

3. சொல்லைக் காட்டித் தப்பிக்கிறவர்கள்

இதைப் படித்ததும் ஒரு கூட்டம் துள்ளிக் குதிக்கும். ‘அதான் சொல்றோம், சாதியே அய்ரோப்பாக்காரன் சரக்கு, சொல்லே போர்த்துகீசியச் சொல்’ என்று கிளம்புவார்கள். ஆமாம், சொல் அவனுடையது. காஸ்தா என்றால் இந்தத் தீபகற்பத்தில் பரம்பரை, கால்வழி. ஆளுக்கும் சொல்வான், குதிரைக்கும் சொல்வான். அந்தச் சொல் கப்பலேறி நம்ம கரைக்கு வந்தது. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498. தஞ்சைப் பெரிய கோயில் 1010. அந்தக் கோயில் கல்வெட்டிலேயே பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இருக்கின்றன. ஏறக்குறைய அய்ந்நூறு வருஷம் முன்னாடியே கல்லில் வெட்டி வைத்ததை எந்தப் போர்த்துகீசியன் வந்து வெட்டினான்? இராஜராஜனா, காமாவா? இரத்தம் பார்க்கத் தெரிந்தவன் இங்கே வந்தான். இங்கே இரத்தம் பார்க்கிறவனைக் கண்டான். தன் சொல்லை எடுத்துக் கொடுத்தான். கண்டவன் வைத்த பேர்தான் காஸ்தா. பெற்றவன் யார் என்று கல்வெட்டு சொல்கிறது.

இன்னொரு கூட்டம், ‘ஸ்பெயினில் அதெல்லாம் தானா ஒழிஞ்சு போச்சே, இங்கேயும் காலப்போக்கில் போயிடும்’ என்று ஆறுதல் சொல்லும். தானாக ஒழியவில்லை. 1492இல் யூதர்களைத் துரத்தினார்கள். 1609 முதல் 1614 வரை, மதம் மாற்றப்பட்ட முஸ்லிம் சந்ததிகளான மொரிஸ்கோக்கள் சுமார் மூன்று இலட்சம் பேரைத் துரத்தினார்கள். ஒழிந்தது சாதி இல்லை, ஆட்கள். சட்டத்திலிருந்து இரத்தத் தூய்மையைத் துடைக்க 1865 வரை இழுத்தார்கள். 2015இல் யூதச் சந்ததிகளுக்குக் குடியுரிமை தரச் சட்டம் போட்டார்கள். மொரிஸ்கோ சந்ததிகளுக்கு அப்படி ஒன்றும் போடவில்லை. ஹித்தானோக்களையோ 1749 ஜூலையில் நாடு முழுக்க ஒரே நேரத்தில் வளைத்துப் பிடித்தார்கள். சுமார் ஒன்பதாயிரம் பேர். ஆண்களைத் தனியே, பெண்களையும் குழந்தைகளையும் தனியே அடைத்தார்கள், இனமே பெருகக் கூடாது என்று. காலப்போக்கு என்பதற்கு இவ்வளவு கூலி.

4. பரியா

காஸ்தா நமக்கு வந்தது. பதிலுக்கு நம்மிடமிருந்து ஒரு சொல் போனது. மொழி வகுப்பில் இரண்டாம் வாரம் ஆசிரியை பலகையில் எழுதிய சொற்களில் ஒன்று ‘பரியா’. ஒதுக்கப்பட்டவன் என்று பொருள் சொன்னார். எழுந்து நின்று சொன்னேன்: ‘அது வசைச்சொல் இல்லை. பறை அடித்த மக்களின் பேர். என் மொழியிலிருந்து வந்தது. என் சனங்களின் பேர்.’ அந்த அம்மாவுக்குத் தெரிந்திருக்கவில்லை. சுண்ணாம்புக்கட்டி கையிலேயே நின்றது. உழைக்கும் மக்களின் சர்வதேச கீதம் ஸ்பானிய மொழியில் முதல் வரியிலேயே இந்தச் சொல்லை வைத்திருக்கிறது. ஊர்வலத்தில் முஷ்டி தூக்கிப் பாடுகிறவர்களில் எத்தனை பேருக்குக் கடலூர் பக்கத்துச் சேரி தெரியும்?

2014இல் இங்கே பொதேமோஸ் கட்சி கிளம்பியபோது, நாட்டைச் சுரண்டும் மேல்கூட்டத்தை ‘காஸ்தா’ என்று திட்டியது. கவனியுங்கள்: மேலே இருப்பவனைத் திட்டக் காஸ்தா, கீழே தள்ளப்பட்டவனைச் சுட்டப் பரியா. நம்ம நாட்டில் மேலே இருப்பவன் ‘எனக்குச் சாதியே கிடையாது’ என்கிறான். சாதி என்றாலே நம்ம தலையில்தான் எழுதியிருக்கிறது. மேலே இருப்பதற்குத்தான் அந்தப் பேர் என்று திருப்பிச் சொல்ல நாமும் பழக வேண்டும்.

ஸ்பானிய அகாதெமியின் அகராதி 2014 பதிப்பில் ‘ஹித்தானோ’ என்பதற்கு ஏமாற்றுக்காரன் என்றும் ஒரு பொருள் தந்தது. ஹித்தானோ மக்கள் 2015இல் குழந்தைகளை முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். அது இழிவுபடுத்தும் வழக்கு என்று அகாதெமி குறிப்புச் சேர்க்க வேண்டி வந்தது. அகராதியோடு சண்டை போட்டவர்கள், ஆயிரம் வருஷம் முன்னால் இந்தியாவிலிருந்து போன மக்களின் வழிவந்தவர்கள். நமக்கும் ஒரு சொல்பாக்கி இருக்கிறது.

5. யாரை அனுப்புகிறார்கள், எதைப் படிக்க விடுகிறார்கள்

அம்பேத்கர் 1913இல் பரோடா உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1916 மே மாதம் அங்கே ஒரு கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிக் கட்டுரை படித்தார். நம் இயக்கத்தின் வேரில் ஒன்று அந்தக் கட்டுரை. ஊர் திரும்பி 1917இல் பரோடாவில் வேலைக்குப் போனபோது தங்க இடமில்லை. பார்சி விடுதியிலிருந்து தடியோடு வந்து விரட்டினார்கள்.

இன்று? பட்டியல் சாதி மாணவர்களை வெளிநாடு அனுப்பும் ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகை 1954-55இலிருந்து இருக்கிறது. 2022இல் அதன் விதியை மாற்றினார்கள். இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வு, இவற்றுக்கு இனிப் பணம் கிடையாது. அதாவது 1916இல் அம்பேத்கர் படித்த அந்தக் கட்டுரையை எழுத இந்தத் திட்டத்தில் ஒரு தலித் மாணவர் போக முடியாது. எந்திரம் படி, மருந்து படி, உன்னைப் பற்றி மட்டும் படிக்காதே. அதைப் படித்துச் சொல்ல வேறு ஆட்கள் இருக்கிறார்கள், சர்நேம் உள்ளவர்கள். 2025இல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதலில் 40 பேருக்கு மட்டும் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்குப் பணம் இருந்தால் பார்க்கலாம் என்றார்கள். கோயில் கட்டவும் சிலை வைக்கவும் இந்த வார்த்தை வருவதுண்டா?

ஆகவே தோழர்களே, ‘அங்க போய் நல்லா இரு’ என்று வழியனுப்பினால் மட்டும் போதாது. மூன்று வேலை இருக்கிறது. 2022இன் அந்த விதியை எடுக்கச் சொல்லி மாணவர் அமைப்புகள் தெருவில் இறங்க வேண்டும். அமெரிக்காவில் பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019இலும், கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் 2022இலும், சியாட்டில் நகரம் 2023இலும் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தன. போராடியதால் செய்தன. அதை அய்ரோப்பாவிலும் கேட்க வேண்டும். சாதி என்றால் என்ன என்று இவர்களுக்கு விளக்கத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இவர்கள் ஊர்ச் சுவரும் கல்லூரியும் போதும். மூன்றாவது, புதிதாக வந்து இறங்கும் நம் பிள்ளைகளுக்கு முதல் வாரத்துக்கு ஒரு கூரை, ஒரு முகவரி, ஒரு சட்டி சோறு. அதில் என்ன கறி என்று யாரும் மோந்து பார்க்காத சோறு.

சாதி விசா இல்லாமல் வந்து சேருகிறது. அதை எதிர்க்கிறவர்களும் வந்து சேர வேண்டும்.