முடக்குவாதமும் உணவும்

காலையில் விரல்களை மடக்க இயலாமல் தவிக்கும் சகோதரிகளே! பத்தியத்தால் முடக்குவாதம் குணமாகுமா என வினவுகிறீர்கள்.

1991இல் வெளியான நார்வே ஆய்வொன்றில், 27 நோயாளிகள் 7 முதல் 10 நாட்கள் உணவு தவிர்த்து, பின்னர் ஓராண்டு மரக்கறி உணவு உண்டனர். (நமது நோன்பு போன்றதன்று அது, காய்கறிச் சாறும் மூலிகைத் தேநீரும் பருகினர்.) பலருக்கு வலியும் வீக்கமும் தணிந்தன, அவர்களின் குடல் நுண்ணுயிர்களும் மாறியிருந்தன. எல்லோருக்கும் பலிக்கவில்லை.

மத்தி, அயிலை மீன்களின் கொழுப்பும் வலியைச் சற்றுக் குறைக்கும். தாராளமாக உண்ணுங்கள். ஆயினும் மூட்டெலும்பு அரிக்கப்படுவதைத் தடுப்பது மருந்தே. பத்தியத்தை நம்பி அதை நிறுத்திவிடாதீர்கள். மெதோட்ரெக்சேட் மாத்திரை வாரம் ஒருநாள் மட்டுமே உண்ணத்தக்கது. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கருத்தரிக்க விரும்புவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்துவிடுங்கள்.